பெஞ்சலம்மா இருந்த லேயர்

"கொஞ்சம் தள்ளி நில்லு, அம்மாவுக்கு இடம் விடு" என்று ஒபுலேசு அண்ணா கேமராவுக்குப் பின்னாலிருந்து சொல்வார். பிள்ளைகள் தள்ளி நிற்பார்கள். அந்த இடத்துக்கு யாரும் வரப்போவதில்லை என்பது அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். அம்மா குவைத்தில் இருப்பாள். உகாதி வாரத்தில், கடப்பா பக்கத்து எங்கள் ராஜம்பேட்டை ஸ்டுடியோவுக்கு வருகிற குடும்பங்களில் பாதி இப்படி ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டுத்தான் படம் எடுத்துக்கொள்ளும். பிறகு அண்ணா கம்ப்யூட்டரில் அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார்.

எவ்வளவு இடம் விடுவது என்பதில் தகராறு வரும். "எங்க வதினா போகும்போதே நல்ல உடம்புப்பா, இன்னும் ஒரு சாண் விடு" என்பான் கொழுந்தன். "அங்க என்ன உக்கார வெச்சு ஊட்டறாங்களா? இளைச்சிருப்பா, இது போதும்" என்பாள் மாமியார். அண்ணா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, குழந்தைகள் இடத்தை அடைத்துவிடாமலிருக்க அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போடுவார். படம் முடிந்தபின் அந்த ஸ்டூலும் கம்ப்யூட்டரில் மறைந்துவிடும்.

நான் அந்த ஸ்டுடியோவில் ஒன்றரை வருஷம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர்ஸ் முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான்தான். அப்பா கோடூர் பக்கம் வாழைத்தார் வெட்டப் போகிறவர். வேலைக்கான பரீட்சைகளை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு பரீட்சையும் தள்ளிப்போகும்போது, நான் படித்தது எதற்கு உதவும் என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொள்வேன். என் பெயர் ரெட்டெம்மா. ஒபுலேசு அண்ணா என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. "ஏம்மா டிகிரி" என்பார்.

அவர் ஏழாவதோடு நின்றவர். முதலில் ஸ்டுடியோ திரைகளில் அருவியும் மாளிகையும் வரைந்தார். அப்புறம் டார்க் ரூம். கம்ப்யூட்டர் வந்தபோது திருப்பதியிலிருந்து ஓர் ஆள் வந்து இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாராம். அந்த இரண்டு வாரத்தை வைத்துக்கொண்டே பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். ஆங்கிலம் வாசிக்க வராது. திரையில் எது எங்கே இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரியும். மேலேயிருந்து நாலாவது, அதில் கீழேயிருந்து இரண்டாவது. படத்தில் நிற்கிற ஒவ்வொரு ஆளும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித்தாள் மாதிரி ஒரு தனி லேயர். கண் படத்தை அழுத்தினால் அந்த லேயர் மறையும். சங்கிலிப் படத்தை அழுத்தினால் இரண்டு லேயரும் சேர்ந்து நகரும். லேயர்களுக்குத் தெலுங்குப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒரு மாதிரி தட்டிவைப்பார்: சுவர், அத்தை, பெரியவன், சின்னவள். ஒவ்வொரு குடும்பமும் அவரிடம் இப்படி அடுக்கடுக்காக இருந்தது. அடுத்த உகாதிக்கு வந்தால் பிள்ளைகளை மட்டும் புதிதாக எடுத்து மாற்றினால் போதும். அம்மாவின் லேயர் அதே லேயர்தான்.

அவர் வேலையில் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. குவைத்திலிருந்து வருகிற படங்களெல்லாம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தவை. நம் ஸ்டுடியோவில் வெளிச்சம் இடதுபக்கத்திலிருந்து வரும். அந்த முகத்தின் நிழலை அழித்து இந்தப் பக்கத்துக்கு மாற்ற ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்திருப்பார். "ஆளு வேற வேற நாட்டுல இருக்கலாம் டிகிரி. ஒரே படத்துல நின்னா ஒரே பக்கத்து வெயில்லதான் நிக்கணும்" என்பார்.

அவருடைய சொந்தக் குடும்பமும் ஒரு ஃபைலில் இருந்தது.

பெஞ்சலம்மா அக்கா குவைத்துக்குப் போனபோது அவர்கள் மகள் ஜோஷ்னாவுக்கு நாலு வயது. கிளம்புவதற்கு முதல்நாள் அண்ணா மனைவியைப் பச்சைப் பட்டுப்புடவை கட்டவைத்து, ஸ்டுடியோவில் நிற்கவைத்து, தலையிலிருந்து கால்வரை ஒரு படம் எடுத்தார். இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம். அந்த வீட்டில் வேலை தாங்காமல் பத்தாவது மாதமே அக்கா வெளியே வந்துவிட்டார். எங்கள் ஊரில் இதைக் 'கல்லிவல்லி ஆயிட்டா' என்பார்கள். அப்படி ஆனவர்களுக்குக் காகிதம் கிடையாது. வெளியே வேலை செய்யலாம், மாட்டாமலிருந்தால் இருக்கலாம், ஊருக்கு மட்டும் வர முடியாது. காகிதமில்லாதவர்கள் ஊர் திரும்பலாமென்று குவைத் அரசு ஒருமுறை பொதுமன்னிப்பு கொடுத்தது. அப்போது பாஸ்போர்ட் பழைய வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அப்படியே ஒன்பது வருஷம் போய்விட்டது.

ஒன்பது உகாதிக்கும் அண்ணா ஜோஷ்னாவை அதே சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். பின்னால் அக்காவின் லேயர். முதல் வருஷப் படத்தில் பிள்ளை அக்காவின் இடுப்புக்குக் கீழே இருக்கிறாள். இந்த உகாதிப் படத்தில் அவள் தலை அக்காவின் தாடை வரை வந்துவிட்டது. அக்கா மாறவே இல்லை. போன வருஷம் அண்ணா எட்டாவது படத்தைக் காட்டியபோதே எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோபோலவும் இருந்தது. அக்காவும் தங்கையுமாக நிற்கிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அக்கா போன் செய்வார். குரல் மட்டும்தான். "வீடியோ போட்டா நெட் நிக்க மாட்டேங்குது பாவா" என்பார். புருஷனை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார். ஊரில் மற்ற எல்லாருடைய குவைத்தும் வீடியோவில்தான் வரும். அக்காவுக்கு மட்டும் நெட் நிற்காது. அண்ணாவும் சரி என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோ பின்கட்டுக்குப் போய்விடுவார்.

உகாதி முடிந்த பத்தாவது நாள், ஓனர் செங்கல்ராயுடு கம்ப்யூட்டரில் புது வெர்ஷன் போடச் சொன்னார். கல்யாண ஆல்பம் அச்சடிக்கிற லேப்காரர்கள் அனுப்புகிற டிசைன்கள் பழையதில் திறக்கவில்லை. நான்தான் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போட்டால் வேகமாக ஓடும் என்று சொன்னதும் நான்தான். வேலை ஃபைல்களையெல்லாம் முன்பே வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டேன். அன்றைக்கு என் படிப்பு முதல்முதலாக உபயோகப்பட்டதென்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாளிலிருந்து ஸ்டுடியோவில் சண்டைதான்.

"என் சங்கிலி எங்க?"

"இப்ப அது அங்க இல்லண்ணா. ரெண்டு லேயரையும் தேர்ந்தெடுத்துட்டு கீழ பாருங்க."

"கண்ணுக்குப் பக்கத்துலதானே இருந்துச்சு. கண்ணு இருக்கு, சங்கிலி இல்ல. எவன் எடுத்தான்?"

"நான் எடுக்கலண்ணா."

"நீ எடுத்தேன்னு நான் சொன்னேனா? உன் ஆளுங்க எடுத்திருக்காங்க. படிச்சவங்க."

முன்பெல்லாம் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் படம் உருவம் கெடாமல் பெரிதாகும். புதியதில் தலைகீழ். ஷிஃப்டைப் பிடித்தால்தான் உருவம் கெடும். பதினெட்டு வருஷமாக அவருடைய இடதுகைச் சுண்டுவிரல் அந்த விசையின் மேலேயே இருந்தது. அதை எடுக்கச் சொன்னால் எடுக்காது. நந்தலூர்க் கல்யாணம் ஒன்றுக்கு ஃப்ளெக்ஸ் போனது. மூன்றே மணி நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து கவுண்டரில் விரித்தார்.

"ஏம்ப்பா ஒபுலேசு, எங்க பையன் ஜிம்முக்குப் போறான், ஒத்துக்கறேன். அதுக்காக ஒரே நாள்ல தண்ணி டேங்க் மாதிரியா ஆவான்? பொண்ணு வீட்டுக்காரங்க இத பாத்துட்டு இன்னொரு பந்தி சேர்த்துப் போடணுமான்னு கேக்கறாங்க."

செங்கல்ராயுடு விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை. சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அந்த விரலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அடிபட்டதா என்று கேட்டேன். "ஞாபகத்துக்கு" என்றார்.

ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிடுவார். பழைய ஃபைல் எதைத் திறந்தாலும் ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு பெட்டி வந்து நிற்கும். எழுத்து மாறியிருக்கிறது, வண்ணம் மாறியிருக்கிறது என்று ஏதாவது. ஒருநாள் எனக்கு ஆன்லைனில் ஒரு மாதிரிப் பரீட்சை ஓடிக்கொண்டிருந்தது. "டிகிரி, இங்க ஒரு பெட்டி நிக்குது" என்றார். நான் எழுந்திருக்காமலேயே சொன்னேன்: "எந்தப் பெட்டி வந்தாலும் என்டர் தட்டிடுங்கண்ணா. ஒண்ணும் ஆகாது."

அதற்குப்பின் அவர் அவ்வளவாகக் கூப்பிடவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

வைசாகத்தில் ஜோஷ்னாவுக்கு ஓணி ஃபங்ஷன் வைத்தார்கள். பெரிய பெண்ணாகி முதல்முதல் தாவணி போடுகிற விசேஷம். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் நிற்கும், அதில் பெண்ணும் பெற்றவளும் இருப்பார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் வந்த வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தபோது அண்ணாவின் கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். தேங்காய்மூடியில் பசை கிளறிக்கொண்டிருந்தார். நானும் கேட்டேன்.

"பாவா, இந்தத் தடவ என்னப் பின்னாடி ஒளிக்காத."

"நான் எங்க ஒளிச்சேன்? உன் பொண்ணு வளந்துட்டா, மறைக்கறா."

"அதான் சொல்றேன். பக்கத்துல நிக்க வை. முழுசா. புடவ கொசுவம் தெரியணும். வளையல் தெரியணும். வர்றவங்க பெத்தவ இருக்கான்னு பாக்கணும்."

"நிக்க வெக்கறேன்."

"எங்கண்ணன் பொண்டாட்டிக்குக் கொஞ்சம் முன்னாடியே நிக்க வை."

"அவ ஃப்ளெக்ஸ்லயே இல்லடி."

"அப்ப சரி" என்று சிரித்தார் அக்கா.

மறுநாள் ஜோஷ்னா மாம்பழ நிறத் தாவணி கட்டிக்கொண்டு வந்தாள். அண்ணா அவளை நிறுத்தி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு, படம் எடுத்தார். உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அக்காவின் ஃபைலைத் திறந்தார். ஒரு பெட்டி வந்தது. என்டர் தட்டினார். உகாதிப் படம் வழக்கம்போல் திறந்தது. புதுப்படத்தைக் கொண்டுவந்து மேலே வைத்தார். சேவ் பண்ணினார். எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் ஒரு வேலை முடிந்ததும் சேவ் பண்ணுவது அவர் கையின் பழக்கம். அப்புறம் உகாதி ஜோஷ்னாவை மறைக்க அவளுடைய கண் படத்தைத் தேடினார்.

"டிகிரி, கொஞ்சம் வா."

போனேன். பதினோரு லேயர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டே இருந்தன. புதிதாக வைத்த தாவணி ஜோஷ்னா ஒன்று. மிச்சமெல்லாம் சேர்ந்து ஒன்று. சுவர், அக்கா, அக்காவை மறைத்துக்கொண்டு நிற்கிற உகாதி ஜோஷ்னா, எல்லாம் ஒரே தாளில் அடித்த படம் மாதிரி ஒட்டிப்போயிருந்தன.

"அன்டூ பண்ணு" என்றார்.

பண்ணினேன். அது ஃபைல் திறந்த இடம்வரைதான் போனது. திறந்தபோதே ஒட்டித்தான் திறந்திருக்கிறது.

வேறொரு குடும்பத்தின் பழைய ஃபைலைத் திறந்து அந்தப் பெட்டியை வரவழைத்தேன். மூன்றே வரி. இந்த ஃபைலில் எனக்குப் புரியாத சில விஷயங்கள் இருக்கின்றன, லேயர்களை அப்படியே வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடவா என்று கேட்டிருந்தது. ஒன்றாக்கு என்ற பட்டன்தான் நீலமாக ஒளிர்ந்தது. என்டர் தட்டினால் அதுதான். நான் அதை வாசித்துக்காட்டவில்லை.

அக்காவின் ஃபைலுக்கு வெளி டிஸ்க்கில் இருந்தது ஒரே பிரதி. அதிலிருந்துதான் திறந்தார், அதன்மேல்தான் சேவ் பண்ணினார். கம்ப்யூட்டரில் இருந்ததை நான் துடைத்துவிட்டேன். முதலில் எடுத்த படம் இருந்த கார்டில் அதற்குப்பின் நூறு கல்யாணம் ஏறியிருக்கும். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம் ஒன்று இருந்தது, கழுத்துவரை. கல்யாணப் படத்தில் அக்காவுக்குப் பதினேழு வயது, முகம் முழுக்கப் பூச்சரம். அச்சடித்த பழைய உகாதிப் படங்களிலும் கொசுவம் பிள்ளைக்குப் பின்னால்தான்.

ஒட்டிப்போன படத்திலிருந்து வெட்டி எடுக்கலாம்தான். ஆனால் ஜோஷ்னா மறைத்த இடத்தில் அக்கா இல்லை. லேயராக இருந்தவரை கொசுவமும் வளையல் கையும் பிள்ளைக்குப் பின்னால் இருந்தன. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருந்தன. இப்போது அங்கே தோண்டினால் ஜோஷ்னாவின் ரிப்பன் கட்டிய பின்னல்தான் வரும். அக்காவின் முகம், ஒரு தோள், ஒரு கம்மல். அவ்வளவுதான் மிச்சம்.

"நான்தாண்ணா என்டர் தட்டச் சொன்னேன்" என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா, சொன்ன" என்றார்.

இரண்டு நாள் விடாமல் உட்கார்ந்தார். பச்சைப் பட்டு கட்டிய வேறு யாராவது கிடைப்பார்களா என்று பழைய கல்யாணங்களையெல்லாம் திறந்து பார்த்தார். ஓபிலி கிராமத்து மணப்பெண்ணின் சித்தி ஒருத்தி கிடைத்தாள். அதே பச்சை. உயரமும் ஏறக்குறைய அதே. அந்த உடம்பில் அக்காவின் முகத்தை வைத்து, கழுத்தில் நிழல் போட்டு, வளையல் நிறத்தை மாற்றினார். அதைப் பார்த்து யாரும் குற்றம் சொல்ல முடியாது. நான் சொல்லியிருக்க மாட்டேன். மாலையில் ட்யூஷன் முடிந்து வந்த ஜோஷ்னா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். அப்பாவை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, யாரு இது?"

"பாத்தா தெரியல?"

"அம்மா தலைய யாருக்கோ குடுத்திருக்கே. அம்மா இப்படி நிக்க மாட்டா."

"அம்மா எப்படி நிப்பான்னு உனக்குத் தெரியுமா? போகும்போது உனக்கு நாலு வயசு."

"எப்படி நிப்பான்னு தெரியாது. இப்படி நிக்க மாட்டான்னு தெரியும்."

அண்ணா அதைச் சேவ் பண்ணாமல் மூடினார்.

மறுநாள் காலையில் எனக்கும் சேர்த்து, பொரியைத் தாளித்த உக்காணியும் பஜ்ஜியும் வாங்கிவந்தார். பொட்டலத்தைப் பிரித்துவைத்துவிட்டு, "மூணு வருஷம் காலேஜ்ல என்டர் தட்டறத மட்டும்தான் சொல்லித் தந்தாங்களா?" என்றார். திட்டிவிட்டாரே என்று எனக்கு உயிர் வந்தது.

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டுமா. அக்காவ இப்ப ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

"நெட் நிக்காது."

"படம் அனுப்ப நெட் நிக்கணும்னு இல்லண்ணா. ஒரு நிமிஷம் வந்துட்டுப் போனாப் போதும்."

பஜ்ஜியைக் கீழே வைத்தார். "டிகிரி, குவைத்துல நெட் நிக்காதா? அது எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? நம்ம தெருவுல எத்தன பொம்பளைங்க அங்கேர்ந்து சமையலே காட்டிக்கிட்டு இருக்காங்க." கையைத் துடைத்துக்கொண்டு, "அவளுக்குக் காட்டப் பிரியமில்ல. நானும் கேக்கல. எங்கிட்டதான் இருந்தாளே" என்று கம்ப்யூட்டரைக் கண்ணால் காட்டினார்.

நான் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தபோது ஜோஷ்னா அப்பாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, உன் படம் போச்சு."

"எந்தப் படம்?"

"எல்லாப் படமும். பச்சப் புடவ. என் பின்னாடி நீ ஒட்டிக்கிட்ட. வெளிய வர மாட்டேங்கற. நானா நாலஞ்சு நாளா சோறு சரியா திங்கல."

ஜோஷ்னா போனை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுபோனாள்.

"இப்ப எப்படி இருக்கியோ அப்படியே ஒரு படம் வேணும்மா."

"இப்ப எப்படியும் இல்ல ஜோஷ்னா. விடு. நீ மட்டும் நில்லு. நல்லாத்தான் இருக்கும்."

"அப்ப நான் ஃபங்ஷனுக்கு உக்கார மாட்டேன்."

"ஏய்! அத்தமாமாங்க எல்லாம் வர்றாங்க."

"வரட்டும். போளி தின்னுட்டுப் போகட்டும்."

அக்கா குரலை இறக்கிக் கேட்டார்: "எங்கிட்ட பட்டுப்புடவ கூட இல்லடி. காதர்பீகிட்ட இருக்கு. நீலம். பரவாயில்லையா?"

காதர்பீ அக்காவோடு அதே அறையில் இருக்கிற ராயச்சோட்டிக்காரி. அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அக்காவின் போனிலேயே வீடியோ வந்தது. அதை ஒரு பெட்டிமேல் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். படம் எடுக்கக் காதர்பீயின் போன். இந்தப் பக்கம் அண்ணா ஸ்டுடியோவில் நின்றபடி போனைக் கேமராப் பையின்மேல் சாய்த்துவைத்திருந்தார். பக்கத்தில் ஜோஷ்னா. பின்னால் நான்.

முதலில் ஒரு சுவர், மடக்கிய பாய்கள், ஒரு ஜன்னல். பிறகு காதர்பீயின் முகம் திரை முழுக்க வந்தது. "அண்ணா, சலாம். பொண்ணு ரெடி. வெக்கப்படுது. ஒன்பது வருஷம் கழிச்சு பொண்ணு பாக்கறீங்க, சொஜ்ஜி உண்டா?"

"நகருடி" என்று அக்காவின் குரல் வந்தது. காதர்பீ நகர்ந்தாள்.

நான் இத்தனை நாள் பார்த்திருந்த பெஞ்சலம்மா அக்காவுக்கு இருபத்தாறு வயது. கன்னம் உப்பிய முகம். திரையில் நின்றவர் மெலிந்திருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. முன்நெற்றியில் ஒரு கொத்து நரை. மூக்கில் கண்ணாடி பதிந்த தடம் இருந்தது, கழற்றி எங்கோ வைத்திருக்க வேண்டும். காதர்பீயின் நீலப்பட்டு அவருக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது. இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, அடி வாங்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

ஜோஷ்னா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

அண்ணா எல்லாரிடமும் சொல்வது போலவே சொன்னார்: "ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பு."

அக்கா திரும்பினார்.

"அவ்வளவு வேணாம். பாதி. தாடைய இறக்கு. காதர்பீ, அந்தத் திரைச்சீலைய ஒரு முழம் தள்ளு."

"தள்ளிட்டேண்ணா."

"கைய விடு பெஞ்சலா. இடது கைய. வளையல் தெரியட்டும்."

"கண்ணாடி வளையல் போடறதில்ல பாவா. பாத்திரம் கழுவறப்ப உடையுது."

"சரி. கை தெரியட்டும்."

ஜன்னல் வெளிச்சம் அக்காவின் இடது கன்னத்தில் விழுந்து மூக்குவரை வந்திருந்தது. ஒன்றரை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் எனக்கும் இவ்வளவு தெரியும். அதுதான் சரியான வெளிச்சம். இங்கே ஜோஷ்னாவுக்கு விழுந்ததும் அதே பக்கத்து வெளிச்சம்தான்.

"எடுக்கட்டுமாண்ணா?" என்றாள் காதர்பீ.

"இரு. வெயில் இன்னும் கொஞ்சம் வரட்டும்."

நின்றார்கள். கொஞ்சநேரம் கழித்து, "பாவா, கால் கடுக்குது" என்றார் அக்கா.

"இரு பெஞ்சலா. இன்னும் கொஞ்சம்."

"இது குவைத் வெயிலுண்ணா, இதுக்குமேல எங்க வரும்? வந்தா நாங்க வெந்துடுவோம்" என்றாள் காதர்பீ.

"தலைய இந்தப் பக்கம் சாய். அப்படியே இரு. கண்ணக் கொட்டலாம். இரு."

வெயில் வரவேண்டியதெல்லாம் எப்போதோ வந்துவிட்டிருந்தது. நான் சொல்லவில்லை. அக்காவும் அதற்குப்பின் கால் கடுக்கிறது என்று சொல்லவில்லை. பாதித் திரும்பிய முகத்தோடு, ஓரக்கண்ணால் போனைப் பார்த்தபடி நின்றார். ஜோஷ்னா அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிஷம் இருக்கும், அதற்குமேலும் இருக்கலாம்.

"இப்ப எடு" என்றார் கடைசியில்.

காதர்பீ எட்டுப் படம் எடுத்தாள். எட்டிலும் அக்காவின் வாய் திறந்திருந்தது, ஏதோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணா ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தார். நரையைக் கருப்பாக்கட்டுமா என்று நான் கேட்டேன், புது வெர்ஷனில் அது ஒரு நிமிஷ வேலை. "கை வெக்காத" என்றார். திறந்தபோது ஒரு பெட்டி வந்தது. அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வந்து ஒவ்வொரு வார்த்தையாக வாசித்து, தெலுங்கில் சொன்னேன். வண்ணத்தைப் பற்றிய ஒன்றுமில்லாத பெட்டி. இருந்தாலும் முழுவதும் கேட்டபிறகுதான் தட்டினார்.

ஃபங்ஷன் ஞாயிற்றுக்கிழமை. வாசலில் ஃப்ளெக்ஸ் நின்றது. மாம்பழ நிறத்தில் ஜோஷ்னா, பக்கத்தில் நீலப்பட்டில் அக்கா, தலையிலிருந்து கால்விரல் வரை, கொசுவம் தெரிய, முழுசாக. வந்தவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். "பெஞ்சலம்மாவோட அம்மாவா இது? அவ போய்ச் சேர்ந்துட்டாளே" என்றாள் ஒரு கிழவி. "பெஞ்சலம்மாதான் அத்த, நல்லாப் பாரு" என்று யாரோ சொன்னதும், "ஐயோ, எங்க பெஞ்சலாவா" என்று ஃப்ளெக்ஸின் கன்னத்தைத் தடவினாள்.

பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது அக்காவின் வீடியோ வந்தது. வேலை செய்கிற வீட்டின் சமையலறையில் நின்று பேசினார். "மேடம் மாடியில இருக்கா, சீக்கிரம் காட்டு" என்றார். ஜோஷ்னா போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, ஃப்ளெக்ஸுக்கு முன்னால் பிடித்தாள். நானும் கூடவே போனேன்.

அக்கா பார்த்தார். சுருக்கென்று ஒரு சிரிப்பு சிரித்தார். "எங்கம்மா மாதிரியே ஆயிட்டேன்" என்றார். அப்புறம், "ஓணி சரியா கட்டியிருக்கே. யாரு கட்டினா?" என்றார். ஜோஷ்னா அத்தை என்றாள். "என் தோள் உன் தோளத் தொடுது பாரு" என்றார். ஆமாம்மா என்றாள் ஜோஷ்னா.

"போதும், பாத்துட்டேன். போன உங்க நானா பக்கம் திருப்பு. அன்னைக்குக் கண்ணாடி இல்லாம அவர நான் சரியா பாக்கவே இல்ல."

ஒபுலேசு அண்ணா பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார். ஜோஷ்னா போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவர் வாளியைக் கீழே வைத்தார், தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார், தலைமுடியைக் கையால் படியவைத்தார். இவ்வளவு காலம் அவர் முன்னால் வந்து நின்ற எத்தனையோ பேர் அவரிடம் கேட்டதை, அன்றைக்கு அவர் மகளிடம் கேட்டார்:

"எங்க பாக்கணும்மா?"